247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காமல்: ஒன்றாம் வகுப்பில் தமிழ் படிக்கவும் எழுதவும் கற்பிப்பது எப்படி

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்புச் சுவரில் முதலில் ஏறுவது உயிர்மெய் அட்டவணைதான். மேலே 12 உயிர், இடப்பக்கம் 18 மெய், நடுவே 216 கட்டங்கள், ஓர் ஓரத்தில் ஆய்தம். அட்டவணை மேல் குற்றமில்லை. அதையே பாட வரிசையாக வைத்துக்கொண்டு ‘க கா கி கீ’ என்று இறங்குவதில்தான் சிக்கல். பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்துவிடுவார்கள். ‘கூ’வை மட்டும் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். ‘க கா கி கீ கு’ என்று முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தில் நிற்பார்கள். பாட்டு தெரியும், எழுத்து தெரியாது.

247 என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. பிள்ளை உண்மையில் கற்க வேண்டியவை எவை? உயிர் 12, அகர உயிர்மெய் வடிவங்கள் 18, ஒரு புள்ளி, உயிர்க்குறிகள் 11, ஆய்தம். ஆக 43. அந்த 11 குறிகளிலும் ஒ, ஓ வரிசைக்கு உரியவை புதியவை அல்ல. கொம்பும் (ெ, ே) காலும் (ா) சேர்ந்தவை. மனப்பாடத்தைக் கேட்பவை உகர, ஊகார வரிசைகள் மட்டுமே, அவற்றிலும் மூன்று நான்கு குடும்பங்கள்தான். 1978-ல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ணா, றா, னா, லை, னை போன்றவற்றுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பழைய கடிதங்களிலும் மங்கிப்போன பெயர்ப்பலகைகளிலும் அவற்றை இன்னும் பார்க்கலாம். அந்தச் சுமை இன்றைய பிள்ளைக்கு இல்லை. அப்படியிருக்க 216 கட்டங்களையும் நோட்டில் நிரப்பச் சொல்வதில் பொருளில்லை. ங வரிசையையும் ஔகார வரிசையையும் எழுதி எழுதித் தேய்க்கும் நேரத்தில் பிள்ளை இருபது உண்மையான சொற்களை வாசித்துவிடும்.

எழுத்துக்கு முன் காது

முதல் இரண்டு மூன்று வாரம் நாளுக்குப் பத்து நிமிடம் காதுக்குக் கொடுங்கள். புத்தகம் வேண்டாம், பலகை வேண்டாம்.

சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது எல்லாருக்கும் தெரிந்த விளையாட்டு. அம்-மா இரண்டு தட்டு, பம்-ப-ரம் மூன்று தட்டு. ஆனால் தமிழில் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பம்பரத்துக்குத் தட்டு மூன்று, எழுத்து ஐந்து. காதில் மூன்றாக விழுவதைப் பிள்ளை மூன்றாகவே எழுதும்: ‘பபர’. பட்டம் ‘பட’ ஆகும். இதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளையின் காது சரியாகவே வேலை செய்திருக்கிறது. தட்டுக்குள் ஒளிந்திருக்கும் மெய்யைத் தனியே பிடிக்கத்தான் அதற்கு இன்னும் தெரியவில்லை.

அதனால் கைதட்டலோடு நிற்காமல் இணைச் சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடை, மறுபக்கம் கட்டை. பாடு, பாட்டு. படம், பட்டம். நெடிலுக்கு: எடு–ஏடு, குடை–கூடை, மலை–மாலை, கொடி–கோடி, விடு–வீடு. படம் வரைந்த இரண்டு அட்டைகளைப் பிள்ளையின் முன் வைத்து, நீங்கள் சொல்வதை எடுக்கச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு முறை சரியாக எடுக்கிறது என்றால் அந்த வேறுபாடு காதில் ஏறிவிட்டது. எடுக்கவில்லை என்றால் அதை எழுத்தில் காட்டுவது இப்போதைக்கு வீண். குறிலுக்கு விரலை ஒருமுறை சொடுக்குவது, நெடிலுக்கு இருமுறை சொடுக்குவது நன்றாக வேலை செய்யும். நம் இலக்கணம் மாத்திரைக்குச் சொல்லும் அளவே கண்ணிமைப்பதும் கைந்நொடிப்பதும்தானே.

முதல் ஒலி, கடைசி ஒலி விளையாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘ம’-வில் தொடங்கும் பொருள் மூன்று சொல், ‘ல்’-இல் முடியும் சொல் ஒன்று சொல். கடைசி ஒலியைப் பிடிப்பது கடினம். பேச்சில் ‘ம்’, ‘ன்’ இரண்டும் மூக்கோடு கரைந்துவிடுவதுதான் காரணம். இதைப் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

முதல் பத்து எழுத்துகள்

அகர வரிசையில் போனால் அ, ஆ, இ, ஈ என்று உயிர் பன்னிரண்டையும் முடிக்கவே ஆகஸ்ட் வந்துவிடும். அதுவரை பிள்ளை ஒரு சொல்லையும் தானாகப் படித்திருக்காது. ‘ஆ… ஈ’ என்பதைச் சொல் என்று கணக்கில் வைத்தாலொழிய. மேலும் அ, இ, ஈ எல்லாம் வரைவதற்குக் கடினமான எழுத்துகள். எளிதில் வரையக்கூடியதாகவும் உடனே சொல்லாகக்கூடியதாகவும் தொடங்குவதே நல்லது.

ட, ப, ம மூன்றும் ஒரே கோட்டின் வளர்ச்சி. மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் போனால் ட. அதையே வலது ஓரத்தில் மேலே ஏற்றினால் ப. ஏறிய கோட்டை உட்பக்கம் வளைத்துக் கீழே இறக்கினால் ம. இவற்றோடு ர-வையும் புள்ளியையும் சேர்த்துவிடுங்கள். இந்த ஐந்தை வைத்தே படம், மடம், மரம், பட்டம், மட்டம், ரம்பம், பம்பரம் எல்லாம் வந்துவிடுகின்றன. பிறகு அ, ஆ, துணைக்கால்: அம்மா, அப்பா, மாமா, பாடம், ஆட்டம், மாமரம். அடுத்து க, த, ல: பல், கால், பால், கடல், பக்கம், அக்கா, தாத்தா, கப்பல், காகம். இந்த இடத்தில் முதல் வாக்கியமே எழுதிவிடலாம். ‘தாத்தா, பட்டம் பார்.’ ‘அக்கா, கப்பல் பார்.’ கற்காத எழுத்து ஒன்றும் இல்லாமல் ஒரு முழு வாக்கியத்தை ஐந்து வயதுப் பிள்ளை தானே படிக்கும் நாள் முக்கியமானது. அதைக் கூடிய விரைவில் வரவழைப்பதே இந்த வரிசையின் நோக்கம்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று புதிய வடிவங்கள் போதும். புதியது வரும் நாளில் பழையவற்றில் குறைந்தது ஐந்து, அட்டையாகக் கையில் வர வேண்டும்.

வரிசை போடும்போது ஒரு விதியை விடாதீர்கள். வடிவம் ஒத்து ஒலி வேறாக இருந்தால் (ட, ப) ஒன்றாகக் கற்பிக்கலாம். கைக்கு அது உதவி. ஒலி ஒத்திருந்தால் பிரித்து வையுங்கள். ல வந்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் ள, அது உறுதிப்பட்ட பிறகே ழ. ர-வும் ற-வும் ஒரே வாரத்தில் வேண்டாம். ந, ன, ண மூன்றையும் ஒரே நாளில் ‘வேறுபாடு பார்’ என்று காட்டினால், மூன்றும் ஒன்றோடொன்று கலந்து ஐந்தாம் வகுப்பு வரை பிரியாது. வடிவமும் ஒலியும் இரண்டுமே ஒத்தவை எ–ஏ, ஒ–ஓ. இவற்றுக்கு இன்னும் கூடுதல் இடைவெளி தேவை.

பிள்ளையின் பெயர் இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. ஹரிஷ், ஜெயஸ்ரீ, ஷாலினி என்று கிரந்த எழுத்து வரும் பெயர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பெயரை முதல் நாளே அட்டையில் எழுதிக் கொடுங்கள். அதை எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. படம்போல் முழுதாக அறிந்துகொண்டால் போதும். காலையில் வந்ததும் தன் பெயர் அட்டையை எடுத்து வருகைப் பலகையில் மாட்டுவது தினமும் நடக்கும் வாசிப்பு.

‘இம்’ என்ற இடைஞ்சல்

மெய்யெழுத்தைத் தனியே உச்சரிக்க முடியாது என்பதால் முன்னால் ஓர் இகரம் வைத்து இக், இட், இம் என்று சொல்லிப் பழக்குகிறோம். பெயருக்கு அது சரி. படிக்கும்போது பிள்ளை ‘ப, இட், ட, இம்’ என்று எழுத்துக்கூட்டி, கடைசியில் ‘பஇட்டஇம்’ என்று எதையோ சொல்லி உங்கள் முகத்தைப் பார்க்கும். நான்கு எழுத்தும் தெரிந்தும் சொல் வராததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

புள்ளி எழுத்தைத் தனியே நிறுத்தாமல் முன்னெழுத்தோடு ஒட்டிப் படிக்கப் பழக்குங்கள். பட்–டம். கப்–பல். அட்டையில் ‘பட்’, ‘மட்’, ‘கட்’, ‘தட்’ என்று எழுதி ஒரே மூச்சில் சொல்ல வையுங்கள். பிறகு ‘பம்’, ‘பல்’, ‘பர்’. புள்ளியை வாயை மூடும் சைகையாகச் சொல்லலாம்: புள்ளி வந்தால் ஒலி அங்கேயே நிற்க வேண்டும். ‘ம’ என்று நீட்டிக்கொண்டே இருந்து, கையை மூடியதும் ‘ம்’ என்று நிறுத்தும் விளையாட்டு இரண்டு நாளில் பிடிபடும்.

மெல்லினமும் வல்லினமும் சேரும் இணைகளை ஓர் அலகாகவே கற்பியுங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தமிழ்ச் சொற்களில் இவை அடிக்கடி வருகின்றன. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. ட-வுக்கு முன் வருவது ண, த-வுக்கு முன் வருவது ந, ற-வுக்கு முன் வருவது ன. ‘வண்டி’யில் எந்த ‘ண்’ என்ற கேள்விக்கு விடை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் வடிவம் தெரியும், இடம் தெரியாது. அதேபோல், ஒலி இரட்டித்தால் அது ற்ற-தான், ர்ர தமிழில் வராது. ‘காற்று’, ‘நாற்றம்’ இரண்டிலும் பிள்ளைக்குச் சந்தேகமே வரத் தேவையில்லை.

ஒரே எழுத்துக்குப் பல ஒலி இருப்பதைப் பற்றி ஆசிரியர் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு விளக்கம் தேவையில்லை. கல், தங்கம், மகன் மூன்றிலும் க வேறு வேறாக ஒலிக்கிறது. தமிழ் பேசும் பிள்ளை சொல்லை அறிந்திருப்பதால் ஒலி தானாக வந்துவிடும். திருப்பூர் போன்ற ஊர்களில் வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். அவர்கள் மொழியில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால், தங்கத்தில் வரும் ஒலிக்கு வேறு எழுத்தைத் தேடுவார்கள். அவர்களுக்கு மட்டும் ‘சொல்லின் முதலில், இரட்டிக்கும்போது வன்மை, மூக்கெழுத்துக்குப் பின் மென்மை’ என்று மூன்று நான்கு சொற்களைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

குறிகள்: கால், கொம்பு, பிறகு உகரம்

துணைக்கால் எளிது. ஆனால் ‘ா’-வும் ‘ர’-வும் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று மிக அருகில். ர-வின் கீழ்ச் சாய்வு விடுபட்டால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். ர எழுதும்போது அந்தச் சாய்வை முதல் நாளிலேயே கொஞ்சம் பெரிதாகப் போடப் பழக்குங்கள்.

ஒரு குறியைக் கற்பிப்பது என்றால் அதைத் தெரிந்த எல்லா எழுத்துகளோடும் ஒரே நாளில் பொருத்திப் பார்ப்பது. ி வந்த அன்றே படி, மடி, தடி, அடி, பாதி, காதில், மாமி. கி-யில் தொடங்கி னி வரை ஓடத் தேவையில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை மூன்று அங்குல அட்டைகளாக வெட்டி எழுத்துகளை எழுதிவையுங்கள். ஓர் அட்டையில் குறியை மட்டும் எழுதி நடுவே துளையிட்டால், பின்னால் ஒரு நீளப் பட்டையை இழுத்து எழுத்தை மாற்றிக்கொண்டே போகலாம்.

கொம்பில்தான் உண்மையான தடங்கல். ‘கெ’ என்பதில் வாய் முதலில் சொல்வது க். கண்ணில் முதலில் படுவது கொம்பு. இடமிருந்து வலமாகவே இதுவரை படித்து வந்த பிள்ளை அங்கே நின்றுவிடும், அல்லது கொம்பை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும். ‘பல கெண்டை’ என்பதில் ‘லெ’ என்று படிப்பது இப்படித்தான். மூன்று வழிகள் உதவும். கொம்பைச் சிவப்புச் சாக்பீஸில் எழுதுங்கள். படிக்கும் விரலைக் கொம்பின் கீழ் வைக்காமல் எழுத்தின் கீழ் வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் மிகவும் பயன்படுவது: தரையில் முதலில் ‘ம’ அட்டையை வைத்து ‘ம’ என்று சொல்ல வைத்து, பிறகு கொம்பு அட்டையைக் கொண்டுவந்து இடப்பக்கம் சேர்க்கச் சொல்லி ‘மெ’ என்று மாற்றுங்கள். வாய் போகும் வரிசையிலேயே கையும் போவதால் குழப்பம் விலகும். ‘மொ’-வுக்கு வலப்பக்கம் கால் அட்டையும் வரும். பலரும் விட்டுவிடும் ஒன்று, ‘கௌ’-வும் ‘கெள’-வும் ஒரே தோற்றத்தில் இருப்பது. ஔகாரம் வரும் சொற்கள் குறைவு. ‘கௌதாரி’, ‘பௌர்ணமி’ என்று இரண்டைச் சொல்லாகவே காட்டி, ஆண்டுக் கடைசியில் முடித்துக்கொள்ளலாம்.

உகரத்தை அட்டவணை வரிசையில் எடுத்தால் பதினெட்டும் பதினெட்டு விதமாகத் தெரியும். குடும்பமாகப் பிரித்தால் மூன்றுதான். சு, பு, யு, வு கீழே கோடு இறங்குபவை (ஙு-வும் இதில்தான், தேவை இல்லை). கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றுபவை. து, நு, லு, று, ணு, னு, ஞு கீழே சுழித்து வலப்பக்கம் ஏறுபவை. வாரம் ஒரு குடும்பம். ஊகாரத்திலும் அதே குடும்பங்கள் தொடரும்: பூ, யூ, வூ-வில் இறங்கிய கோடு சுழிக்கும், தூ, நூ, லூ-வில் கால்போல ஒன்று கூடும், கூ தனிக்காட்டு ராஜா. அதைத் தனியாகவே கற்பியுங்கள்.

கை

ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்கள் இன்னும் பென்சிலுக்குத் தயாராகியிருக்காது. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுத வைத்ததற்கும், விஜயதசமியன்று அரிசியில் எழுதுவதற்கும் சடங்கு மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். எழுத்தின் ஓட்டத்தை முதலில் தோளும் முழங்கையும் கற்றுக்கொள்கின்றன. விரல் கடைசியில்தான் கற்கும். தரையில் ஓரடி உயரத்துக்குச் சாக்பீஸால் எழுதி அதன் மேல் நடக்கவும் விரலால் வருடவும் விடுங்கள். அடுத்து, சுவரோரக் கீழ்ப்பலகையில். செயல்வழிக் கற்றல் என்ற கற்பித்தல் முறை 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் பரவியபோது, பிள்ளைகளின் உயரத்துக்குப் போடப்பட்ட பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. மேலே ‘இன்றைய வருகை’ எழுதுவதற்கு மட்டும் அவற்றை வைத்திராதீர்கள். அதற்குப் பிறகு சிலேட்டு, கடைசியில் இரட்டைக் கோடு நோட்டு.

பென்சில் பிடி சரியாக இல்லாத பிள்ளைக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. சாக்பீஸையோ பலப்பத்தையோ இரண்டு மூன்று சென்டிமீட்டராக உடைத்துக் கொடுங்கள். அவ்வளவு சிறிய துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது. மூன்று விரலில்தான் நிற்கும். இடக்கைப் பிள்ளையைக் கை மாற்றச் சொல்லக் கூடாது. பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. நோட்டை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கட்டும்.

ஒரு பக்கம் முழுவதும் ‘ம ம ம’ எழுதச் சொன்னால் என்ன நடக்கிறது என்று அருகில் இருந்து பாருங்கள். முதல் வரி அழகாக இருக்கும். மூன்றாவது வரியில் மேலே இருப்பதைப் பார்த்து எழுதாமல் அதற்கு மேலிருக்கும் தன் தவறையே பார்த்து எழுதும். ஐந்தாவது வரியில் முதலில் எல்லா எழுத்துக்கும் இறங்கு கோடுகளைப் போட்டுவிட்டு, பிறகு வளைவுகளைச் சேர்க்கும். அது தொழிற்சாலை வேலை, எழுத்து அல்ல. ஐந்து முறை எழுதி, அதில் சிறந்த ஒன்றைப் பிள்ளையே வட்டமிடட்டும். பிறகு மாதிரியை மூடிவிட்டு நினைவிலிருந்து ஒன்று. அந்த ஒன்றுதான் கற்றது. எந்த இடத்திலிருந்து தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். கீழிருந்து மேலே ப எழுதும் பிள்ளைக்கு வடிவம் சரியாக வந்தாலும் மூன்றாம் வகுப்பில் வேகம் வராது.

பேசுவதை எழுதினால் வரும் பிழைகள்

இந்தப் பகுதியை ஆசிரியர் அறிந்திருந்தால் சிவப்பு மையில் பாதி மிச்சமாகும். பிள்ளை எழுதும் பிழைகளில் பெரும் பங்கு பிழையே அல்ல. தான் பேசுவதை ஒழுங்காகக் கேட்டு எழுதியிருக்கிறது.

‘எலை’, ‘எடம்’, ‘வெறகு’, ‘நெறம்’ என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். இலை, இடம், விறகு, நிறம். முதலெழுத்தில் இகரம் இருந்து, அடுத்த எழுத்து ஒற்றையாக நின்று அதில் அ அல்லது ஐ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகிறது. உகரம் ஒகரமாகிறது: ஒலகம், ஒடம்பு, கொடை, தொடப்பம். ‘முட்டை’யில் இது நடக்காது, நடுவே ட் இருப்பதால். இதைப் பிள்ளைக்கு விதியாகச் சொல்லத் தேவையில்லை. ‘வாய்க்கு எலை, நோட்டுக்கு இலை’ என்று இரண்டு பத்தியாக ஒரு சுவரொட்டி வைத்து, கண்டுபிடிக்கும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போங்கள். பேசியது தப்பு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வீட்டில் அம்மா பேசுவதும் அப்படித்தான்.

ஐகாரத்தில் முடியும் சொற்கள் இன்னொரு குவியல். ‘தல’, ‘மல’, ‘யான’, ‘வாழப்பழம்’. இவற்றுக்குச் சிறந்த மருந்து கூட்டமாகக் காட்டுவது: தலை, மலை, மாலை, யானை, பூனை, குடை, வடை, தோசை, வாழை. ஒரே அட்டையில் இவ்வளவையும் பார்க்கும் பிள்ளை கடைசியில் சங்கிலிக் கொம்பை (ை) தானே எதிர்பார்க்கத் தொடங்கும்.

கடைசி மெய் விடுபடுவது மூன்றாவது. ‘அவன் வந்தா’, ‘அவள் வந்தா’. பேச்சில் முன்னதில் ன் மூக்கில் கரைகிறது, பின்னதில் ள் முழுதாகவே போய்விடுகிறது. எனவே சொல்வதை எழுதச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் இருமுறை சொல்லுங்கள்: முதலில் இயல்பாக, பொருள் விளங்க, அடுத்து எழுத்து எழுத்தாக நிறுத்தி, புத்தகக் குரலில். நாளுக்கு ஐந்து சொல் போதும். மூன்று பழையவை, இரண்டு இந்த வாரத்தவை. திருத்தும்போது சொல் முழுவதையும் அடிக்காமல், சரியான எழுத்துகளை எண்ணிப் போடுங்கள். ‘பட்டம்’ என்பதை ‘படம்’ என்று எழுதிய பிள்ளைக்கு நான்கில் மூன்று. விடுபட்ட இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தால் தானே நிரப்பும்.

கூட்டாகப் படிப்பதில் உள்ள ஏமாற்று

ஆசிரியர் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்வது முதல் இரண்டு முறைக்கு நல்லது. ஓசை, நிறுத்தம், தைரியம் மூன்றும் அதில் கிடைக்கும். நான்காவது முறை பாடம் மனப்பாடமாகிவிடும். பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பிழையில்லாமல் ‘படிக்கும்’. இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்: வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் படிக்கச் சொல்வது, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்பது, அதே சொற்களை வேறு வரிசையில் பலகையில் எழுதுவது. வாக்கியத்தை நீளப் பட்டையில் எழுதிச் சொற்களாக வெட்டிக் கலைத்து, மீண்டும் அடுக்கச் சொன்னால் விளையாட்டும் ஆயிற்று, சோதனையும் ஆயிற்று.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே மூன்று நிமிடம் கேளுங்கள். இருபது எழுத்துள்ள ஓர் அட்டை, பத்துச் சொல், நான்கு வரி. இதோடு ‘பரடம்’, ‘தாலப்பு’, ‘மிகட்டை’ என்று பொருளில்லாத மூன்று சொற்களையும் சேருங்கள். தெரிந்த சொல்லைப் படத்தை வைத்து ஊகிக்கலாம், பொய்ச் சொல்லை ஊகிக்க முடியாது. வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது தமிழுக்குப் பொருந்துவதில்லை. ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பதும் ஒரு சொல், ‘வா’ என்பதும் ஒரு சொல். எங்கே தடுக்கியது, எதைப் பார்த்துத் தடுக்கியது என்று குறித்துவைப்பதே அடுத்த வாரப் பாடத்தைத் தீர்மானிக்கும்.

ஒரே அறையில் பல நிலை

ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொரோனாவுக்குப் பின் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது இதற்காகத்தான். பெயர் எதுவானாலும் நடைமுறை ஒன்றே. ஆறேழு பேர் உங்களோடு பதினைந்து நிமிடம். புதிய குறி, புதிய சொல் எல்லாம் அங்கே. மற்றவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்துச் செய்யும் வேலை: அட்டைகளில் சொல் கட்டுவது, ஜோடியாகப் படிப்பது, படத்தின் கீழ் பெயர் எழுதுவது. புதிதாக எதையும் தனியே செய்யக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் உங்களைத் தேடி வரிசை நிற்கும். குழுவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கலைத்து அமையுங்கள். ஆண்டு முழுவதும் அரும்பிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன்னை அப்படியே நம்பத் தொடங்கிவிடும்.

எல்லாம் செய்தும் சிலருக்கு நகராது. முதலில் கண்ணையும் காதையும் சந்தேகியுங்கள். பலகையில் தடுமாறி, புத்தகத்தில் நன்றாகப் படிக்கிறதா? முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லப் பெயர் சொன்னால் திரும்புகிறதா? கடை–கட்டை வேறுபாடு மட்டும் மாதக்கணக்கில் ஏறாமல் இருக்கிறதா? அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு மெய்யொலிகள் பாதி கேட்பதில்லை. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அந்தப் பெயரை முதலில் சொல்லுங்கள். கண்ணும் காதும் சரியாக இருந்து, தினமும் பள்ளிக்கு வந்து, இரண்டாம் வகுப்பு நடுவிலும் ‘படம்’, ‘மரம்’ அளவிலேயே நின்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அழையுங்கள். அவரிடம் ‘மக்குப் பிள்ளை’ என்று சொல்லாமல், மாதாமாதம் நீங்கள் குறித்துவைத்த தாளைக் கொடுங்கள்: எந்த எழுத்து, எந்தக் குறி, எந்த இடத்தில் நிற்கிறது என்று. அவர் வேலையைத் தொடங்க அது போதும்.